சருகு மண்ணாகும் வகை

காட்டினுள் புகுவோர் அண்ணாந்து பார்ப்பது மரங்களை. காலால் மிதிப்பது சருகை. ஆண்டுதோறும் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. அவற்றோடு பூவும் காயும் பட்டையும் சுள்ளியும் விழுகின்றன. நூறாண்டு நின்ற முதுமரமும் ஒருநாள் பெருங்காற்றில் வேரோடு சாய்கின்றது. விழுந்தவையெல்லாம் விழுந்தவாறே கிடப்பின், பழங்காடுகள் யாவும் தம் சருகிலேயே புதைந்து போயிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. சருகைக் கையால் விலக்கிப் பார்ப்பின், மேலே உலர்ந்த இலை; அதன்கீழ் ஈரத்தால் கறுத்த இலை; அதன்கீழ் நரம்பு மட்டும் எஞ்சி வலைபோல் ஆகிவிட்ட இலை; அதற்கும் கீழே, இலையென்று சொல்ல அடையாளம் ஒன்றுமில்லாத கரிய மண். ஒரு சாண் ஆழத்திற்குள் பல ஆண்டுகளின் வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கின்றது.

இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என அதன் வாழ்நாளை முன்னோர் வகுத்தனர். சருகிற்குப் பின் நிகழ்வதை மட்குதல் என்றனர். பேச்சு வழக்கில் அது மக்குதல் ஆயிற்று. பாடம் ஏறாத மாணவனை ‘மக்கு’ என்று ஏசுவாரும் உளர். அங்ஙனம் ஏசுவோர், மட்குதல் எத்துணை அரிய செயல் என்பதை அறியார். ஓர் இலையை மட்கச் செய்தற்கு வேண்டிய கருவி மனித உடலில் இல்லை. இலையையே உணவாகக் கொள்ளும் ஆட்டிற்கும் மாட்டிற்குங்கூட அது சொந்தமன்று. காட்டு மண்ணில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் சிலவற்றிடம் அக்கருவி உள்ளது.

அக்கருவியின் இயல்பை அறிவதற்கு முன்னர், மரமும் இலையும் எப்பொருளால் ஆயவை என்பதை அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் ஆன்செல்ம் பாயன் என்னும் வேதியியல் அறிஞர் வாழ்ந்தார். அவர் பலவகை மரக்கட்டைகளை எடுத்து அமிலத்திலும் காரத்திலும் இட்டுக் கரைவனவற்றையெல்லாம் நீக்கினார். எம்மரத்தை எடுத்தாலும் இறுதியில் எஞ்சியது ஒரே வகையான வெண்ணிற நார்ப்பொருளாகவே இருந்தது. அதில் அடங்கிய கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் அளவைக் கணக்கிட்டபோது, அரிசியிலும் கிழங்கிலும் உள்ள மாவுப்பொருளின் அளவோடு அஃது ஒத்திருந்தது. 1838-ஆம் ஆண்டில் பாயன் இதனை உலகிற்கு அறிவித்தார். செடிகொடிகளின் உயிரணுக்களுக்கு, அதாவது செல்களுக்கு, சுவராக அமைந்த பொருள் ஆதலின் அது செல்லுலோஸ் என்று பெயர் பெற்றது. பருத்திப் பஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேலும், மரத்தில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு வரையிலும் இப்பொருளே.

இதே பாயன்தான் அதற்கு ஐந்தாண்டுகட்கு முன், 1833-இல், பெர்சோ என்பவருடன் கூடி வேறொரு பொருளையும் கண்டறிந்தார். முளைகட்டிய பார்லியை ஊறவைத்த நீரிலிருந்து அவ்விருவரும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதில் சிறிதளவு கலந்தால் மாவுப்பொருள் கரைந்து சர்க்கரையாக மாறியது. அப்பொருளுக்கு டயஸ்டேஸ் என்று அவர்கள் பெயரிட்டனர். உயிர்களின் உடலில் தோன்றி, தான் செலவாகாமல் பிறபொருள்களில் மாற்றத்தை விரைவுபடுத்தும் இத்தகைய பொருள்களை என்சைம் என்று ஆங்கிலத்தார் கூறுவர். தமிழில் நொதி என்பர். முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட நொதி டயஸ்டேஸ் ஆகும். அதன் ஈற்றிலுள்ள ‘ஏஸ்’ என்பதையே பிற்கால அறிஞர் நொதிகளின் பெயர்களுக்கெல்லாம் விகுதியாக்கினர். சர்க்கரை இனத்துப் பொருள்களின் பெயருக்கு ‘ஓஸ்’ என்பது விகுதி. எனவே செல்லுலோஸ் என்பது பொருள். அதனை அறுக்கும் நொதி செல்லுலேஸ். பெயரளவில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்தே. இலக்கணம் கற்றோர்க்கு இஃது இனிக்கும்.

மாவுப்பொருளும் செல்லுலோசும் அளவில் ஒத்திருப்பது தற்செயலன்று. இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆயவை. இலையிலிட்ட சோறும், அதனை உண்போன் இடையில் உடுத்த பருத்தி வேட்டியும் பொருளால் உடன்பிறப்புகள். ஆயினும் சோற்றை உண்டு செரிக்க முடிகின்றது. வேட்டியைத் தின்று பசியாற முடியாது. இது ஏன்?

பூத்தொடுப்போர் கையை நினைத்துக் கொள்க. பூக்களையெல்லாம் ஒரே முகமாக வைத்துத் தொடுப்பது ஒரு வகை. ஒரு பூவை மேல்நோக்கியும் அடுத்த பூவைக் கீழ்நோக்கியுமாக மாற்றி மாற்றித் தொடுப்பது மற்றொரு வகை. பூவும் நாரும் ஒன்றே, தொடுப்பு வேறு. மாவுப்பொருளில் குளுக்கோஸ் அணுத்திரள்கள் ஒரே முகமாகத் தொடுக்கப்பட்டுள்ளன. அத்தொடர் சுருள் சுருளாக வளைந்து தளர்ந்து கிடக்கும்; நீரும் நொதியும் அதனுட் புகுவது எளிது. செல்லுலோசிலோ ஒவ்வொரு குளுக்கோசும் தன் அடுத்ததற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கின்றது. அதனால் தொடர் வளையாமல் நேராக நீள்கின்றது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் சேர்ந்த அத்தகைய நெடுந்தொடர்கள் பல, அருகருகே படுத்து, ஒன்றையொன்று பற்றிப் படிகம்போல் இறுகுகின்றன. இடையில் நீரும் நுழைதற்கு இடமில்லை. நூல் பல சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து வடமாவதை இதற்கு ஒப்பிடலாம். மரத்தில் அவ்வடத்தின்மீது லிக்னின் என்னும் பசைபோன்ற பொருளும் பூசப்பட்டுள்ளது. ஓங்கிய மரம் புயலில் நிமிர்ந்து நிற்பது இந்த உறுதியால்தான்.

இவ்வுறுதி எத்தகையது என்பதை அமெரிக்க அறிஞர் வூல்ஃபெண்டனும் அவர்தம் துணைவரும் 1998-இல் கணக்கிட்டனர். நொதியின் உதவியின்றி, இயல்பான வெப்பத்தில், நீர் மட்டுமே செல்லுலோசின் பிணைப்புகளை அறுப்பதாயின், அவற்றுள் பாதி அறுபடுவதற்கு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் ஆகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அத்தகைய பிணைப்பைச் செல்லுலேஸ் நொதி ஒரு நொடிக்குள் அறுத்துவிடுகின்றது. இந்நொதி உலகில் தோன்றாதிருப்பின், செடிகள் காற்றிலிருந்து ஈர்த்த கார்பனும், வேர்வழி உறிஞ்சிய உப்புகளும் விழுந்த மரங்களிலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். புதிய விதை முளைப்பதற்கு மண்ணில் உரமிராது.

வைக்கோலை உண்டு வாழும் பசுவின் உடலில் இந்நொதி இருக்குமன்றோ எனச் சிலர் வினவலாம். பசுவின் இரைப்பையில் முதலறை மிகப் பெரியது. அதனுள் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலை அறுப்பவை அவையே. பசு அவற்றிற்கு இடமும் வெப்பமும் உணவும் தருகின்றது. அவை பசுவிற்கு உணவாக்கித் தருகின்றன. காட்டு மண்ணில் இத்தகைய ஏற்பாடு இல்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் தாமே தேடித் தாமே அறுத்து உண்ண வேண்டும்.

பாக்டீரியா என்பது ஒரே உயிரணுவாலாகிய உயிர். அதன் உடல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு, அல்லது அதனிற் சிறிது மிகுதி. ஒரு கிராம் காட்டு மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரையிலும் இருக்கக்கூடும். அதற்கு வாயில்லை, பல்லில்லை, இரைப்பையும் இல்லை. அதன் உடற்சுவரினூடே சிறு சர்க்கரைகள் நுழையுமேயன்றி, செல்லுலோஸ் வடம் நுழையாது. ஆதலின் அது செய்வது யாதெனில், தன்னுள்ளே நொதியை ஆக்கி வெளியே அனுப்புகின்றது. சமையல் வீட்டிற்கு வெளியே நடக்கின்றது. வெந்தபின் உணவு உள்ளே வருகின்றது.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. வெளியே அறுக்கப்பட்ட சர்க்கரை அறுத்தவனுக்கே கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. சுற்றிலும் நொதி ஆக்கத் தெரியாத, ஆனால் சர்க்கரையை உண்ணத் தெரிந்த உயிர்கள் மொய்த்துக் கிடக்கின்றன. உழுதவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்னும் நிலை ஆங்கும் உண்டு. நொதியை ஆக்குவதற்குப் பாக்டீரியா தன் உடற்பொருளைச் செலவிடுகின்றது. செலவு தன்னது, வரவு பிறரது என்றால் அவ்வினம் பிழைப்பதெங்ஙனம்?

இதற்குப் பல வழிகளைப் பாக்டீரியாக்கள் கைக்கொண்டுள்ளன. இங்கிலாந்திலுள்ள ரோத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் ஹட்சின்சன், கிளேட்டன் என்னும் இருவர் 1919-இல் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து விளக்கினர். மெல்லிய நீண்ட உடலுடைய அது, இன்று சைட்டோபேகா என்னும் பேரினத்தில் ஹட்சின்சன் பெயராலேயே வழங்குகின்றது. அது செல்லுலோஸ் நாரின்மீது நேராக ஒட்டிக்கொண்டு, அதன்மேல் வழுக்கி ஊர்ந்து செல்லும். நொதியை நெடுந்தொலைவு அனுப்பாது. தன் மேனியிலேயே தாங்கி, தொட்ட இடத்தை மட்டும் அறுத்து, அறுத்ததை அவ்விடத்திலேயே உண்டுவிடும். காற்றுப் புகாத வெப்பமான குப்பையிலும் எருவிலும் வாழும் வேறொரு பாக்டீரியா, பல நொதிகளை ஒரே கட்டாகக் கட்டித் தன் உடலின் வெளிப்புறத்தில் பொருத்தி வைத்துக் கொள்கின்றது. இக்கட்டினைச் செல்லுலோசோம் எனப் பெயரிட்டு, இசுரேல் நாட்டு அறிஞர்களாகிய பேயரும் லாமெடும் 1983-இல் விளக்கினர்.

இத்துறையில் மறக்கலாகாத பெயர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்பது. 1856-இல் கீவ் நகரில் பிறந்த இவர், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு இளமையிலேயே அடிகோலினார். பின்னர் ஆராய்ச்சியைத் துறந்து தம் நிலங்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். உருசியப் புரட்சியில் உடைமைகளை இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனம் 1922-இல் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தாறு. மற்றவர் ஓய்வு கொள்ளும் வயதில், பாரிசுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஆய்வுக்கூடம் அமைத்து மீண்டும் மண்ணை ஆராயப் புகுந்தார். கூழ்போன்ற ஒரு தட்டின்மேல் வடிதாளை விரித்து, அதன்மீது மண்ணின் சிறு துணுக்குகளை வரிசையாக வைத்தார். வடிதாள் தூய செல்லுலோஸ். வேறுணவு அங்கில்லை. எனவே செல்லுலோசை உண்ணவல்ல உயிர்கள் மட்டுமே அங்குப் பெருகின. சிலநாளில் ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் தாள் நிறம் மாறிக் கூழாகிக் கரைந்தது. பகையும் போட்டியும் நிறைந்த இயற்கை மண்ணின் நிலையை ஒட்டியே உயிர்களை ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் 1953-இல் மறைந்தார்.

இனி, நொதி தொழிற்படும் வகையைக் காண்போம். செல்லுலேஸ் என்று ஒருமையில் கூறினும், அது தனியொரு நொதியன்று, ஒரு கூட்டம். ஒருவகை நொதி, தொடரின் இடையிடையே தளர்ந்த இடம் பார்த்து வெட்டுகின்றது. அதனால் புதிய முனைகள் தோன்றுகின்றன. இரண்டாம் வகை அம்முனைகளைப் பற்றிக்கொண்டு, தொடரைத் தன் உடலிலுள்ள குடைவின் வழியே இழுத்து, இரண்டிரண்டு குளுக்கோஸ்களாக நறுக்கிக்கொண்டே முன்னேறுகின்றது. இரட்டையாக நறுக்கப்பட்ட அத்துண்டிற்குச் செல்லோபயோஸ் என்று பெயர். மூன்றாம் வகை அவ்விரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்குகின்றது. மூன்றனுள் ஒன்று தளர்ந்தாலும் வேலை தடைப்படும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் நொதி குறைவாயின், செல்லோபயோஸ் தேங்கி, முன்னிரு நொதிகளின் வாயை அடைத்துவிடும். கதிரறுப்போர் பலராயிருந்தும் கட்டுச் சுமப்போர் இல்லையெனில் அறுப்பு நின்றுபோதல் போன்றது இது.

நெடுங்காலம் ஓர் ஐயம் அறிஞர்க்கு இருந்து வந்தது. மிக இறுகிய படிகப் பகுதியினுள் முதல் நொதியே நுழைய இடமில்லையே, அங்கு முதல் வெட்டு எவ்வாறு விழுகின்றது என்பதே அது. இதற்கு விடை 2010-இல்தான் தெளிவாயிற்று. நார்வே நாட்டு அறிஞர்கள் மண்ணிலும் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதம் ஒன்றை ஆராய்ந்தனர். செம்பு அணுவைத் தாங்கி நிற்கும் இவ்வகைப் புரதம், பிற நொதிகளைப்போல் நீரைக்கொண்டு அறுக்காமல், ஆக்சிஜன் ஏற்றத்தால் படிகத்தின் மேற்புறத்திலேயே தொடரை முறிப்பதை அவர்கள் கண்டனர். முதலாய்வு வண்டு, நண்டு முதலியவற்றின் ஓட்டுப்பொருளாகிய கைட்டினில் நடைபெற்றது. அடுத்த ஆண்டே, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் இத்தகைய புரதம் செல்லுலோசையும் முறிப்பது மெய்ப்பிக்கப்பட்டது. பாறையில் முதலில் உளியால் பிளவு உண்டாக்கிப் பின்னர் ஆப்பு இறக்கும் கற்றச்சர் முறை இங்கும் உள்ளது.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாணவர்க்குப் புதியதன்று, பெயர்தான் புதியது. கோடை முடிவில் முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு அதனுடையது. ஜியோஸ்மின் என்னும் மணப்பொருளை அது ஆக்கி மண்ணில் விடுகின்றது. பூஞ்சைபோல் நூல்நூலாகக் கிளைத்து வளர்வதால் அதன் பெயரிலும் பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் உள்ளது. எனினும் அது பாக்டீரியாவே.

காட்டு மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்க, அவற்றுள் செல்லுலேஸ் ஆக்குவனவற்றை மட்டும் இனம் பிரித்தல் எவ்வாறு? ஆய்வுக்கூடங்களில் ஓர் எளிய முறை வழக்கிலுள்ளது. சருகின் கீழிருந்து சிறிது மண்ணை எடுத்து, தூய நீரில் கலக்கி, அந்நீரைப் பலமுறை பத்துமடங்கு நீர்க்கச் செய்வர். கரையத்தக்கவாறு மாற்றப்பட்ட செல்லுலோஸ் கலந்த கூழ்த்தட்டின்மேல் அதில் ஒரு துளியைப் பரப்புவர். சில நாளில் ஆங்காங்குச் சிறு புள்ளிகளாகப் பாக்டீரியாக் குடியிருப்புகள் தோன்றும். அதன்மேல் காங்கோ சிவப்பு என்னும் சாயத்தை ஊற்றிச் சிறிதுநேரம் வைத்து, உப்புநீரால் கழுவுவர். காங்கோ சிவப்பு பருத்தித் துணிக்குச் சாயமேற்றுதற்கென்று 1880-களில் செருமனியில் ஆக்கப்பட்டது. அது நீண்ட செல்லுலோஸ் தொடரை இறுகப் பற்றும். அறுபட்ட சிறு துண்டுகளைப் பற்றாது. ஆதலின் தட்டு முழுவதும் சிவந்திருக்க, செல்லுலேஸ் ஆக்கிய குடியிருப்பைச் சுற்றி மட்டும் வெளிறிய மஞ்சள் வளையம், மழைக்கு முன் நிலவைச் சூழ்ந்த பரிவட்டம்போல் தோன்றும். 1982-இல் டீதர், வுட் என்னும் இருவர் மாட்டின் இரைப்பைப் பாக்டீரியாக்களை எண்ணுதற்கு இம்முறையைக் கையாண்டு விளக்கினர். பின்னர் அது மண்ணாராய்ச்சியிலும் பரவியது.

வளையத்தைக் கண்ட மாத்திரத்தில் மரத்தைக் கரைக்கும் உயிர் கிடைத்துவிட்டது என்று மகிழ்தல் கூடாது. தட்டிலுள்ளது மென்மையாக்கப்பட்ட செல்லுலோஸ். அதனை அறுப்பவை பல. வடிதாளை அறுப்பவை சில. லிக்னின் பூசிய கட்டையை அறுப்பவை மிகச் சில. பெரிய வளையம் காட்டிய பாக்டீரியா வடிதாளின் முன் கைகட்டி நிற்பதும் உண்டு. அன்றியும், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை கூழ்த்தட்டில் வளர்வதேயில்லை.

இக்குறையை நீக்கச் செக் நாட்டு அறிஞர்கள் மேற்கொண்ட வழி நுட்பமானது. அவ்வாய்வு 2012-இல் வெளியாயிற்று. கார்பன் அணுக்களுள் எடை சற்று மிகுந்த ஒருவகை உண்டு. அவ்வகைக் கார்பனாலாகிய செல்லுலோசை ஊசியிலைக் காட்டின் சருகிலும் மண்ணிலும் கலந்து வைத்தனர். அதனை உண்ட உயிர்களின் மரபுப்பொருளும் எடை மிகுந்ததாயிற்று. எடை மிகுந்த மரபுப்பொருளைத் தனியே பிரித்து, அஃது எவ்வெவ்வுயிரினுடையது என ஆராய்ந்தனர். விருந்தில் மஞ்சள் உண்டோரைக் கைவிரற்கறையால் கண்டுகொள்வது போன்றது இது. மண்ணைவிடச் சருகில் செல்லுலோஸ் பத்து மடங்கு விரைவாகச் சிதைந்தது. பாக்டீரியாக் கூட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கினை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வகைகள் நிரப்பியிருக்க, செல்லுலோசை உண்டோர் கூட்டத்தில் அதே பங்கினை எட்டு முதல் பதினெட்டு வகைகளே நிரப்பின. காடு முழுவதும் விழும் சருகின் பெருஞ்சுமை ஒருசில இனங்களின் தோள்மேல் உள்ளது.

பாக்டீரியாக்களின் புகழைக் கூறுமிடத்துப் பூஞ்சைகளை மறைப்பது நேர்மையாகாது. மரத்தைச் சிதைப்பதில் பூஞ்சைகளே முன்னணியில் நிற்பன. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைவில் மட்கிச் சிதைந்தன. காரணம் தேடிய படைத்துறை ஆய்வாளர், சாலமன் தீவுகளில் சிதைந்த துணியிலிருந்து ட்ரைக்கோடெர்மா என்னும் பூஞ்சையைப் பெற்றனர். துணியைக் காப்பதற்குத் தொடங்கிய ஆராய்ச்சி, அப்பூஞ்சையைச் செல்லுலேஸ் ஆக்கும் தொழிற்சாலையாகக் கொள்வதில் சென்று முடிந்தது. அதனை நெடுங்காலம் ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பாரைச் சிறப்பிக்க, 1977-இல் அவ்வினத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது. நொதியின் அளவில் பூஞ்சை மிகுதியாக ஈயும். கடுவெப்பத்தையும் காரத்தையும் தாங்கும் நொதிகளை நாடுவோர் பாக்டீரியாக்களிடமே வருகின்றனர்.

மண்ணுயிர்களின் இவ்வாற்றல் உழவர்க்குப் பயன்பட்டமைக்கும் ரோத்தம்ஸ்டெட் நிலையமே சான்று. செல்லுலோசில் நைட்ரஜன் சிறிதுமில்லை. ஆனால் பாக்டீரியாவின் உடல் வளர நைட்ரஜன் இன்றியமையாதது. பச்சை வைக்கோலை அப்படியே வயலில் புதைத்தால், அதனை அறுக்கும் பாக்டீரியாக்கள் வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் சிலகாலம் வெளிறி வாடும். இதனை உணர்ந்த ஹட்சின்சனும் ரிச்சர்ட்ஸ் என்பாரும் வைக்கோலோடு நைட்ரஜன் உப்பையும் நீரையும் சேர்த்து மட்கச் செய்து, மாட்டெருவையொத்த எருவை ஆக்கி 1921-இல் வெளியிட்டனர். இந்தியாவில், இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவார்டு, உப்பிற்கு மாற்றாகச் சாணத்தையும் மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணையும் கொண்டு, செடிக்கழிவை அடுக்கி, புரட்டிப் புரட்டி மட்கச் செய்யும் முறையை வகுத்தார். அவரும் வாட் என்பாரும் 1931-இல் நூலாக வெளியிட்ட அது இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. முற்றத்துச் சருகைக் கூட்டித் தீயிடுவோர், ஒரு குழியும் ஒரு கூடைச் சாணமும் இருப்பின் எருவாகத்தக்க பொருளையே புகையாக்குகின்றனர்.

பஞ்சாபு, அரியானா மாநிலங்களில் அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் நெல்தாளின் புகை தில்லி வரை பரவுதல் பலரும் அறிந்ததே. அத்தாளையே நொதியால் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையைப் புளிக்கவைத்து எரிசாராயமாக்கும் ஆலையொன்று பானிபட்டில் 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஆண்டிற்கு ஏறத்தாழ 2 இலட்சம் டன் தாளிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் ஆக்குதல் அதன் திட்டம். காட்டில் விலையின்றி நடைபெறும் வேலை ஆலையில் எளிதாக நடைபெறுவதில்லை. முதலில் தாளைச் சூட்டாலும் வேதிப்பொருளாலும் பதப்படுத்தி லிக்னின் பூச்சைத் தளர்த்த வேண்டும். நொதிக்கும் பெரும்பொருள் செலவிட வேண்டும். குறைந்த செலவில் மிகுந்த வேலை செய்யும் நொதியைத் தேடியே அறிஞர் பலர் இன்னும் காட்டு மண்ணைக் கிளறுகின்றனர்.

இந்நொதிகளின் விரைவு பயன் தருவதோடு அச்சமும் தருவதாக உள்ளது. பாக்டீரியா குளுக்கோசை உண்டபின் அதன் கார்பனில் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றிற் கலக்கின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணிலேயே நீண்டகாலம் தங்குகின்றது. இவ்வாறு தங்கித் தங்கி, உலகின் மண்ணில் அடங்கியுள்ள கார்பன் காற்றுமண்டலம் முழுவதிலும் உள்ளதைவிட மிகுதி. உலகம் வெப்பமடையுமாயின் நொதிகள் விரைந்து வேலை செய்யும். மண்ணின் கார்பன் காற்றுக்கு ஏறும். அதனால் வெப்பம் மேலும் மிகும். இஃது உண்மையில் நிகழுமா என்பதை அறிய, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹார்வர்டு காட்டில் 1991-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது.

அங்கு ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உடைய பதினெட்டுப் பாத்திகளை வகுத்தனர். அவற்றுள் ஆறில் பத்துச் சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, மண்ணைச் சூழ்நிலையைவிட 5 பாகை செல்சியசு மிகுதியாகச் சூடேற்றி வந்தனர். வேறு ஆறில் கம்பியை மட்டும் புதைத்து மின்சாரம் செலுத்தாது விட்டனர். தோண்டியதாலேயே மாற்றம் நேர்ந்ததோ என்னும் ஐயம் எழாதிருத்தற்பொருட்டு இவ்வாறு செய்தனர். எஞ்சிய ஆறும் தொடப்படவில்லை. இருபத்தாறு ஆண்டு அளந்த கணக்கை மெலில்லோ என்பாரும் துணைவரும் 2017-இல் வெளியிட்டனர்.

முதற் பத்தாண்டுகளில் சூடேற்றிய மண் கார்பனை மிகுதியாக வெளியிட்டது. அதன்பின் ஏழாண்டு, சூடேற்றிய மண்ணிற்கும் ஏற்றாத மண்ணிற்கும் வேறுபாடு காணப்படவில்லை. அச்சம் நீங்கிற்று என்று கருதத்தக்க அமைதி அது. ஆனால் 2008-ஆம் ஆண்டு முதல் இழப்பு மீண்டும் தொடங்கி ஆறாண்டு நீடித்தது. பின்னர் மறுபடியும் தணிந்தது. எளிதில் உண்ணத்தக்கவை தீர்ந்ததும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பட்டினியால் சுருங்கின என்றும், அவ்வேழாண்டு அமைதிக் காலத்தில் அக்கூட்டத்தின் அமைப்பே மெல்ல மெல்ல மாறிற்று என்றும், அறுத்தற்கரிய பொருள்களை அறுக்கவல்ல இனங்கள் தலையெடுத்தன என்றும் அவ்வாய்வாளர் கருதுகின்றனர். முன்னைய இனங்கள் தொடாது விட்டுவைத்த பழஞ்சருகின் எச்சத்தைப் புதியவை உண்ணத் தொடங்கியபோதே, மண் இரண்டாம் முறையாகக் கார்பனை வெளியிட்டது.